பதிவேட்டுல ஏறாத எருமைச் சேதி

ஒரு ஊர்ல ஒரு நூலகம். அதுல மேகலைன்னு ஒரு நூலகக்காரம்மா. ரொம்பக் கறாரு. எந்தப் புஸ்தகம் வந்தாலும், எழுதுனது யாரு, வெளியிட்டது யாரு, எந்த வருஷம்னு மூணையும் பதிவேட்டுல ஏத்தாம அலமாரிப் பக்கம் விட மாட்டா. என்ன, தூங்கிட்டியா? ம் சொல்லு.

அதே தெருவுல வடிவம்மான்னு ஒரு மாமியார். மருமக பொன்னுத்தாயி மேல உசிரு. பொன்னுத்தாயி ஏழு மாசம். நர்ஸம்மா வந்து, "ரத்தம் ரொம்பக் கம்மி. இப்படியே இருந்தா பிரசவத்துல உசிருக்கே ஆபத்து. தினமும் இந்த இரும்புச்சத்து மாத்திரை போடணும்"னு குடுத்துட்டுப் போனாங்க.

அப்போ வடிவம்மா போன்ல 'டிங்'னு ஒரு சேதி வந்து குதிச்சுது. 'அந்த மாத்திரை தின்னா பிள்ளை கறுப்பாப் பொறக்கும். கீரையும் ஆகாது. பத்துப் பேருக்கு அனுப்பு.'

அவ்வளவுதான், மாத்திரை அரிசிப் பானைக்குள்ள போயிருச்சு. சேதியோ போனுக்குப் போன் தாவி, டிங் டிங் டிங்னு கொழுத்து, சாயங்காலத்துக்குள்ள எருமையா ஆயிருச்சு! சிரிக்காத, அது மிதிச்ச தடம் இன்னும் ரோட்டுல குழியாக் கெடக்கு.

அப்புறம் ஒருநாள் பொன்னுத்தாயிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நூலகத்துக்கு வந்து, "அக்கா, மாத்திரையைக் குடுக்கச் சொல்லி எங்க அத்தைகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க"ன்னா. பின்னாலயே அத்தை. அவ பின்னால திம் திம்னு எருமை.

மேகலை அசரல. பதிவேட்டை விரிச்சு, எருமையைப் பாத்து, "உன்னை எழுதுனது யாரு?"ன்னா.

"பெரிய டாக்டரு!"

"பேரு?"

எருமை திருதிருன்னு முழிச்சுது. புஸ்ஸ்ஸ்... ஆடா ஆயிருச்சு.

"வெளியிட்டது யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரி அனுப்புனா. அவளுக்கு அவ கொழுந்தியா..."

புஸ்ஸ்ஸ்... கோழி.

"எந்த வருஷம்?"

"இன்னிக்குக் காலையிலதான்!"

"போன வருஷமும் இதே 'பத்துப் பேருக்கு அனுப்பு'ங்கற வாலோட வந்தியே?"

புஸ்ஸ்ஸ்... கொசு! கொய்ங்னு வடிவம்மா காதைச் சுத்துச்சு.

அப்போ மேகலை, மூணு விவரமும் ஏறுன ஒரு மருத்துவப் புஸ்தகத்தை எடுத்துப் படிச்சுக் காட்டுனா. "பாருங்க பெரியம்மா, மாத்திரை ரத்தத்தைக் கூட்டுமே தவிர நிறத்தை மாத்தாது. டீயோட மட்டும் குடுக்காதீங்க, எலுமிச்சம் சாறோட குடுங்க. சந்தேகம்னா நர்ஸம்மாவையே கேளுங்க."

"அப்போ நிறம் எங்கேருந்துடி வருது?"

"பெத்தவங்க வழியில, அவங்களைப் பெத்தவங்க வழியில."

வடிவம்மா மருமகளைப் பாத்தா. உதடெல்லாம் வெளுத்துக் கெடந்துச்சு. "அய்யோ, என் புள்ளையைக் கொல்லப் பாத்தேனே!" பட்! கொசு காலி.

அப்புறமென்ன, தினமும் மாத்திரை, முருங்கைக்கீரை, முட்டை. ரத்தம் ஏறுச்சு. பொன்னுத்தாயி சுகமாப் பெத்தா, நாவப்பழம் மாதிரி ஒரு பொண்ணு.

பாக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "பாத்தியா வடிவு, மாத்திரை வேலையைக் காட்டிருச்சு"ன்னா.

வடிவம்மா தன் கையைக் குழந்தை கன்னத்தோரமா வச்சா. "மாத்திரையா? கண்ணை நல்லாத் தொறந்து பாருடி. இது நான் குடுத்த நிறம்!"

கதை கொட்டாவி விட்டுருச்சு கண்ணு, நீயும் கண்ணை மூடு.