சர்வரை நிறுத்திய பகல்

"எங்க கம்பெனி ஏன் மேடம் வளரவே மாட்டேங்குது?"

லோகநாதன் வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டான். உட்காரக்கூட இல்லை.

மெஹ்ராஜ் பேகம் அவனைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் மருத்துவமனைகளுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதி, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டியவர். திருப்பூரில் தொழில் தொடங்கித் திக்குத் தெரியாமல் முழிக்கிறவர்கள் எல்லாம் அவரைத்தான் தேடிப் போவார்கள். பேச்சில் மட்டும் மகா கஞ்சம்.

"உக்காருங்க. யாருக்கு என்ன செய்யறீங்க?"

"பனியன் கம்பெனிகளுக்குங்க. துணி சாயத்துல இருக்குதா, பிரிண்டிங்ல கெடக்குதா, எங்க நிக்குதுன்னு போன்லயே காட்டும். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வாங்கியிருக்காங்க."

"என்ன சொல்றாங்க?"

"எல்லாருமே நல்லாயிருக்குதுன்னுதான் சொல்றாங்க."

"இந்த ஊர்ல எவராவது மூஞ்சிக்கு நேரா நல்லாயில்லைன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

அதுவும் வாஸ்தவம்தான். வேண்டாம் என்பதையே டீ வாங்கிக் கொடுத்து, 'ஆகட்டுங்க தம்பி, பாத்துக்கலாம்' என்று வாசல்வரை வந்து சொல்லுகிற ஊராயிற்றே!

லோகநாதனுக்கு அவசரம் வேறு. கூட்டாளி யுவராஜுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் அவன் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். அவன் போய்விட்டால் புரோகிராம் எழுத ஆளில்லை. கடையைக் கட்ட வேண்டியதுதான்.

"விளம்பரம் பண்ணட்டுங்களா? ஆள் போட்டு விக்கட்டுங்களா? பெங்களூருக்குக் கிளம்பற என் கூட்டாளிகிட்ட நான் எதையாவது சொல்லணுங்க மேடம்."

"சர்வரை நிறுத்தச் சொல்லுங்க."

"எந்த சர்வருங்க?"

"உங்களுதுதான்."

"ஐயோ மேடம்! வேலை நேரமுங்க. அதை நிறுத்தினா எல்லார் போன்லயும் நின்னுருமுங்க. அத்தனை பேரும் கத்துவாங்க."

"கத்தட்டும்."

லோகநாதன் போனில் யுவராஜைக் கூப்பிட்டான்.

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்குதா?" என்றான் யுவராஜ்.

"நிறுத்துடா."

நிறுத்திவிட்டான்.

மேடமும் அவனும் மேசைமேல் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர்தான் முதலில் பாய்வார் என்று லோகநாதன் மன்னிப்பைக்கூட மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தான்.

போன் அடிக்கவில்லை.

டீ வந்தது. ஆறி ஆடை படிந்தது. சிக்னல் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தான். முழுசாக இருந்தது.

தாங்க முடியாமல் அவனே மேனேஜருக்குப் போன் போட்டான்.

"சார், சிஸ்டம்ல சின்னப் பிரச்சினைங்க. ரொம்பச் சிரமமா இருக்குதுங்களா?"

"எந்த சிஸ்டம் தம்பி?"

"நாங்க போட்டுக் கொடுத்ததுதாங்க சார்."

"ஓ, உங்களுதா! அருமையா ஓடுது தம்பி. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

போனை வைத்தான்.

"இத்தனை நாளும் யாருக்குங்க மேடம் எழுதினோம்?"

மெஹ்ராஜ் பேகம் ஆறிய டீயை ஓரமாக நகர்த்தினார்.

அப்போதுதான் போன் அடித்தது. எடுத்துப் பார்த்த லோகநாதன் முகம் சுளித்தான்.

"சரோஜா அக்கா. குழந்தைத் துணி தைக்கிற சின்ன யூனிட். போன்லயே பேசி வாங்கினவங்க. எப்பப் பாத்தாலும் ஏதாச்சும் குறை. பாதி நாள் நான் எடுக்கறதேயில்லைங்க."

"எடுங்க."

காதில் வைக்கும் முன்பே சத்தம் வெளியே கேட்டது.

"ஏந்தம்பி, இருக்கறீங்களா செத்துட்டீங்களா? பிரிண்டிங்குக்குப் போன துணி எங்க நிக்குதுன்னு தெரியலை. தைக்கிற புள்ளைங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்குதுங்க! இதை நம்பித்தானே ஆள் விட்டுத் தேடறதையே நிறுத்தினேன். கட்டையில போறவனே, இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

திட்டு வாங்கி ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா! லோகநாதனுக்கு வந்தது.

"இதோ வந்துருமுங்க அக்கா. இன்னும் திட்டுங்க அக்கா," என்று உளறிவிட்டு, யுவராஜைக் கூப்பிட்டான். "சர்வரைப் போடுடா, சீக்கிரம்!"

"யாராச்சும் கத்தினாங்களா?"

"ஒருத்தங்க. சரோஜா அக்கா. கட்டையில போறவனேன்னு திட்டறாங்கடா!"

"மத்தவங்க?"

"எந்த சிஸ்டம்னு கேக்கறாங்க."

யுவராஜ் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"போட்டுட்டேன்," என்றான் யுவராஜ். "நாம இல்லாம ஒருத்தங்களுக்கு வேலை நிக்குதுல்ல, பெங்களூருக்கு வரலைன்னு சொல்லிடறேன். வா, அந்த அக்காவைப் போய்ப் பாக்கலாம். அவங்க யூனிட் எங்கடா இருக்குது?"

லோகநாதன் வாயைத் திறந்தான். அவனுக்கும் தெரியவில்லை.