டிக்கி வழியே இறங்கிய குதிரைக்காரர்

காதுகுத்து மண்டபத்து வாசலில் கார் நின்றது. நாச்சிமுத்து கதவைத் திறக்கவில்லை. முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குத் தாவி, அங்கிருந்து டிக்கிக்குள் உருண்டு, பட்டுவேட்டி ஒரு பக்கமும் துண்டு ஒரு பக்கமுமாகத் தரையில் குதித்தார். வாசலில் நின்ற சொந்தபந்தம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

விஷயம் இதுதான். காரின் இரண்டு பக்கமும் பாயும் குதிரை ஸ்டிக்கரை வீட்டிலேயே, தன் கையாலேயே ஒட்டியிருந்தார். முன்கதவில் தலை, பின்கதவில் வால். கதவிடுக்கில் பிளேடு போட்டு அறுத்துவிட வேண்டும் என்பது ஒட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. அறுக்க மனசு வரவில்லை. அறுக்காமல் கதவைத் திறந்தால் குதிரை கிழியும். நாலு நாளாக டிக்கிதான் வாசல்.

இது மச்சினன் தனபாலுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். அவன் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவன். நானே ஒட்டித் தருகிறேன் என்று சொன்னவனிடம், ஒரு ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு ஆள் வேணுமா என்று கேட்டவர் இவர். இன்றைக்குக் காது குத்துவது அவன் மகளுக்கு. அத்தைக்காரி சீர்த்தட்டு வைக்காமல் எதுவும் நடக்காது. அந்த அத்தைக்காரி, அதாவது நாச்சிமுத்துவின் மனைவி சாந்தாமணி, தட்டை மடியில் வைத்தபடி பின்சீட்டிலேயே இருந்தாள். இத்தனை பேர் முன்னால் பட்டுச்சேலையோடு டிக்கி வழியே இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கதவுக்கு என்ன கேடு என்று சொந்தத்தில் மூத்தவரான அர்த்தனாரி அண்ணன் கேட்டார். எதையும் லேசில் நம்பாத மனிதர்.

"ஒட்டுன ஒட்டு அப்படீங்கண்ணா" என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து. "மொதல்ல மூணு கோட்டு மெழுகு பாலிஷ் போட்டனுங்க. பக்கத்து வீட்டுச் சேவல் அதுல தன் மூஞ்சியப் பாத்துட்டு ரெண்டு நாள் சண்டை போட்டுச்சு. கடைசீல கார்ல தெரிஞ்ச சேவல்தான் ஜெயிச்சுது."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தால் அவருக்குத் தாங்காது.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டியதில் குதிரை வயிற்றில் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டதாம். ஏடிஎம் கார்டை வைத்துத் தள்ளத் தள்ள அது கழுத்துக்கும் வாலுக்குமாக ஓடி, பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டதாம். கார் ஒரு முழம் மேலே எழும்பியதாம். ஊசியால் குத்தினாராம். கிளம்பிய காற்றில் கார் இவரையும் இழுத்துக்கொண்டு தாராபுரம் போய்த்தான் நின்றதாம்.

"திரும்பி எப்படி வந்தே?" என்றார் அர்த்தனாரி.

"இன்னொரு குமிழி பாக்கி இருந்துச்சுங்களே."

பிறகு மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டினாராம். பசை இறுகி இவரும் காரோடு ஒட்டிக்கொண்டாராம். மறுநாள் வந்த தபால்காரர் இவரையும் ஸ்டிக்கர் என்றே நினைத்து, படம் ஜோராக இருக்கிறது, தொப்பையை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"கதவைத் திறக்கக் கிரேன் வச்சு இழுத்தமுங்க. கதவு வரலே. கிரேன்தான் குப்புற விழுந்துச்சு."

இதைச் சொல்லி முடிக்கையில் தனபால் மண்டபத்திலிருந்து வேகமாக வருவது தெரிந்தது.  நாச்சிமுத்துவுக்குப் பயம் ஒரு பக்கம், குதிரை மேல் இருந்த பாசம் ஒரு பக்கம். வேண்டாம் மாப்ளே என்று கையை நீட்டுவதற்குள், நேரமாச்சு வாக்கா என்றபடி அவன் பின்கதவை இழுத்துவிட்டான்.

கதவு சத்தமில்லாமல் திறந்தது. குதிரை கிழியவில்லை. தலை முதல் வால் வரை முழுசாகக் கழன்று, வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

தனபால் குனிந்து பார்த்தான். "மெழுகு மேல ஸ்டிக்கர் புடிக்காதுங்க மச்சான்" என்றான், மரியாதையாகத்தான்.

வாசலே சிரித்தது. நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தீங்களா? வண்டி நின்னா அதுவே எறங்கிப் படுத்துக்கும். அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

சாந்தாமணி தட்டோடு இறங்கி, குதிரையை மிதிக்காமல் தாண்டி, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பப் போறப்ப நீங்க அதும்மேல ஏறி வந்துருங்க. நான் கதவைத் திறந்து கார்ல ஏறிக்கறேன்."