பெலீஸ்ல வளர்ந்த மீசை

கழுத்துல கத்தி இருக்கும்போது எவனும் பொய் சொல்ல மாட்டான்னு நெனைச்சீங்கன்னா, எங்க செம்புலிங்கத்தை நீங்க பார்த்ததில்லைன்னு அர்த்தம். களக்காட்டுல பதினெட்டு வருஷமா சலூன் வெச்சிருக்கேன். கத்தி காதுகிட்டப் போகப் போகத்தான் அவனுக்குப் பொய் ஊறும்.

ரெண்டு வருஷமா ஊர்ல ஆளைக் காணோம். போன ஞாயித்துக்கிழமை காது வரைக்கும் மீசையோட வந்து நாற்காலியில உட்கார்ந்தான். மறுநாள் பொண்ணு பார்க்கப் போறானாம். "அண்ணாச்சி, தாடையை மட்டும் வழிங்க. மீசையில கை வெச்சிராதீங்க, அது பெலீஸ்ல வளர்ந்தது"ன்னான்.

பக்கத்து நாற்காலியில ஒரு வெளியூர்க்காரர் இருந்தாரு. வீட்ல விசேஷம், மூஞ்சி பளிச்சுன்னு இருக்கணும்னு கேட்டாரு. முல்தானி மட்டியை அப்பிவிட்டு, காயுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தா வெடிச்சிரும்னு சொல்லி வெச்சிருந்தேன். பெஞ்சுல செல்போன் கடை நம்பிராசன் அவன் முறைக்குக் காத்துக்கிட்டிருந்தான்.

"எங்க வளர்ந்துச்சு? போலீஸ்லயா?"ன்னான் நம்பிராசன்.

"போலீஸ் இல்லலே, பெலீஸ்! மத்திய அமெரிக்காவுல ஒரு நாடு. வடக்க மெக்சிகோ, மேக்க குவாத்தமாலா, கெழக்க கடலு. ரெண்டு வருஷம் அங்கதான மேனேஜரா இருந்தேன்."

"நீ நாங்குநேரியைத் தாண்டியிருக்க மாட்ட."

செம்புலிங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துட்டு. "நான் சொல்லுததுல ஒரு பொய்யை நிரூபிச்சுக் காட்டு, இந்த நாற்காலியிலயே ஒரு பக்க மீசையை எடுத்துக்கிடுதேன். அண்ணாச்சிதான் சாட்சி!"

"எய்யா, நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போறவன் பேசுத பேச்சா இது?"ன்னு கேட்டேன். அவன் எங்க கேட்டான்? நம்பிராசன் போனை எடுத்துட்டான்.

"மொத்த நாட்டுக்கும் நாலு லட்சம் பேருதான். ஏலே, பாரு"ன்னான் செம்புலிங்கம்.

நம்பிராசன் தடவிப் பார்த்தான். அவன் முகம் தொங்கிட்டு. "ஆமா அண்ணாச்சி, சரியாத்தான் சொல்லுதான்."

"ஏர்போர்ட் வாசல்ல போர்டு வெச்சு, ஜனத்தொகையை சாக்பீஸால எழுதியிருக்கான். நான் எறங்கினதும் ஒரு ஆபீசர் ஓடியாந்து, கடைசி நம்பரை அழிச்சு ஒண்ணு கூட்டினாரு. என் பின்னாலயே ஒரு நெறமாசக்காரி எறங்கினா. அவளைப் பார்த்துட்டு மனுசன் சாக்பீஸைக் கீழ வெக்கவே இல்ல."

"இதை எப்படிலே போன்ல தேடுதது?"ன்னு நம்பிராசன் எரிஞ்சு விழுந்தான்.

"இது என்ன, தலைநகரம் கதையைக் கேளு. முன்னாடி கடலோரத்துல இருந்துச்சு. பெரிய புயல் அடிச்சு ஊரே நாசமாயிட்டு. அதனால தலைநகரத்தைத் தூக்கி உள்நாட்டுல வெச்சிட்டான். பேரு பெல்மோப்பான்."

நம்பிராசன் பார்த்தான். அதுவும் நெசம்.

"தள்ளினதுல நானும் ஒரு கை குடுத்தேன். ஐலசா போட்டு ஐம்பது மைல்!"

"மாட்டினடா! அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுல நடந்தது. நீ பொறந்ததே தொண்ணூறுல!"

நான் கத்தியை மீசைகிட்டக் கொண்டுபோனேன். அவன் அசையவே இல்லியே! "அவசரப்படாதீங்க அண்ணாச்சி. எழுபதுல தள்ளினாங்க, ஒழுங்கா முட்டுக் குடுக்கல. அது மெள்ள மெள்ளக் கடலுக்கே சறுக்கிட்டு இருந்துச்சு. நாங்க போன வருஷந்தான் திரும்பத் தள்ளி, கல்லு வெச்சோம்."

நம்பிராசன் தலையில அடிச்சுக்கிட்டான். "சரி, பாஸ்போர்ட்டைக் காட்டு. திரும்பி வந்த சீல் எங்க?"

"அங்கதான் விசேஷமே. நடுக்கடல்ல வட்டமா ஒரு பள்ளம் இருக்கு, நானூறு அடி ஆழம். போன்ல பாரு, படமே இருக்கும். படகுல போகும்போது என் தோசைக்கல்லு அதுல விழுந்துட்டு."

"ஃபாரின்ல உனக்கு எதுக்குலே தோசைக்கல்லு?"

"அது... மேனேஜர் வேலைக்கு அதெல்லாம் வேணும்லா? குதிச்சேன். முங்கினேன், முங்கினேன், மூணு நாள் முங்கினேன். கல்லைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்து பார்த்தா மணிமுத்தாறு டேம்! டேமுக்குள்ள எவன்லே சீல் குத்துவான்?"

பக்கத்து நாற்காலியில முல்தானி மட்டி லேசாக் குலுங்குச்சு. "சார், அசையாதீங்க"ன்னேன்.

செம்புலிங்கம் மீசையை முறுக்கினான். "நம்ம மலையில கிடக்க இருவாச்சி மாதிரி அங்கயும் மூக்கு பெருத்த பறவை உண்டு. என் மீசையில அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு வந்து உட்காரும். அவ்வளவு மரியாதை! பெலீஸ்ல மீசை இல்லாதவனுக்குப் பொண்ணே குடுக்க மாட்டான்."

அவ்வளவுதான். வெளியூர்க்காரர் வெடிச்சுச் சிரிச்சாரு. மூஞ்சி பூரா கோடு கோடா விரிஞ்சு, மட்டி பொலபொலன்னு மடியில கொட்டிட்டு. உள்ள இருந்த முகத்தைப் பார்த்ததும் செம்புலிங்கம் எந்திரிச்சு நின்னுட்டான்.

"ஏ... ஏட்டையா!"

"என்ன மாஸ்டரு, சௌக்கியமா?"ன்னு கேட்டுட்டு எங்க பக்கம் திரும்பினாரு. "ரெண்டு வருஷமா எங்க போலீஸ் மெஸ்ல இவன்தான் தோசை ஊத்தினான். பழைய பொது அறிவுப் புத்தகத்தைக் கிழிச்சு அதுலதான் வடை மடிச்சுக் குடுப்பான். பெலீஸ் பத்தின பக்கத்துல எனக்கும் ரெண்டு உளுந்த வடை வந்துச்சு."

"நான் கேட்டது சரிதான்! போலீஸ்லதான் வளர்ந்திருக்கு!"ன்னு நம்பிராசன் குதிச்சான்.

"ஒரு எழுத்துதான அண்ணாச்சி மாறிட்டு? ஒரே ஒரு முடியை எடுத்துட்டு விட்டுருங்க"ன்னு செம்புலிங்கம் கையைப் பிடிச்சான். சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆளை நாற்காலியில அமுக்கி, சர்ருன்னு வலது பக்கத்தை வழிச்சிட்டேன். கண்ணாடியைப் பார்த்தவன் அழுதே போயிட்டான். "நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பொண்ணு பார்ப்பேன்?"

"எந்த ஊருக்குப் போற?"ன்னு ஏட்டையா கேட்டாரு.

"ஏர்வாடி. பொண்ணு பேரு செண்பகவடிவு."

ஏட்டையா துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சாரு. "அது என் அக்கா மக. தரகர் போன்ல, மாப்பிள்ளை பெலீஸ்ல இருந்தார்னு சொல்லியிருக்காரு. என் காதுல போலீஸ்ல இருந்தார்னு விழுந்துச்சு. நம்ம ஆளாச்சேன்னு நான்தான் வரச் சொன்னேன்."

செம்புலிங்கம் அரை மீசையோட எந்திரிச்சு, கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

"புளுகினாலும் தோசையை முறுகலா ஊத்துவான். எனக்குச் சம்மதந்தான்"ன்னாரு ஏட்டையா. "ஆனா ஒண்ணு. எங்க புள்ளைக்கு மீசைன்னாலே ஆகாது. மீசைக்காரன் வந்தா வெளியவே வர மாட்டேன்னுட்டா."

செம்புலிங்கம் டபக்குன்னு நாற்காலியில உட்கார்ந்து இடது பக்கத்தைக் காட்டினான்.

"எடுங்க அண்ணாச்சி. பெலீஸ்லயும் இதே கதைதான். மீசை வெச்சவனுக்குப் பொண்ணே குடுக்க மாட்டான்!"