நண்பகலில் தொங்கிய பூசணிக்கொடி

மாந்துறையை ஆண்ட பொன்மாறனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பகல் விருந்து முடிந்ததும் வெற்றிலையை மென்றபடி அவையோரோடு தோட்டத்துக்கு வருவார். தம் பூசணிக்கொடியைப் பார்ப்பார். பிறகு போய்ப் படுத்தால் விளக்கு வைத்த பின்புதான் எழுந்திருப்பார். அரசர் தூங்கும்போது அவையும் தூங்க வேண்டும் என்பது அங்கே மரபு. அதனால் மாந்துறையின் பெரிய மனிதர்கள் யாரும் சாயங்காலத்தைப் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. மிஞ்சியது அரண்மனை மதிலோரம் இருந்த ஓர் ஊற்றுக்கிணறு. ஊர்ப் பெண்கள் விடியலிலிருந்தே அங்கே குடத்தோடு நின்றார்கள்.

ஒரு நாள் மன்னர் வந்தபோது கொடியின் இலைகள் எல்லாம் துவண்டு தொங்கின. அது மாமனார் அனுப்பிய விதை. காயைப் பார்க்கத் தை மாதம் வருவதாகவும் அவர் சொல்லியிருந்தார்.

"செத்துப் போகிறதே," என்றார் மன்னர் கலங்கி.

தளவாய் மழவராயர் முன்னே வந்தார். "கிணற்றைப் பூட்டிவிடலாம் மன்னா. தண்ணீர் முழுவதையும் கொடிக்கே பாய்ச்சலாம். ஊரார் ஆற்று மணலைத் தோண்டிக் குடிக்கட்டும்."

"அப்படியே செய்யும்," என்றார் மன்னர். ஒரு காவலன் பூட்டெடுக்க ஓடினான்.

அவைப்புலவர் கூத்தநம்பி கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார். குடத்தோடு நின்றவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி.

"மன்னா, கொடி சாகவில்லை. சற்றே சாய்ந்திருக்கிறது, என்னைப் போல."

"உம்மைப் போலவா?"

"நண்பகலில் என்னைப் பார்ப்பவர்கள் பாடை கட்டவே போய்விடுவார்கள். என் மனைவி ஒரு முறை குடத்துத் தண்ணீரைத் தலையில் கொட்டிப் பார்த்தாள். நனைந்துகொண்டே தூங்கினேன். வெயில் தாழ்ந்ததும் தானாக எழுந்தேன். இதுவும் எழும். எழாவிட்டால் நானே தண்ணீர் சுமக்கிறேன்."

"வயிற்றைச் சுமக்கவே ஆள் தேடுகிறவர்," என்றார் தளவாய். "மன்னா, இவர் நாம் தூங்கும்போது திருட்டுத்தனமாகத் தண்ணீர் விட்டுவிடுவார்."

"அப்படியானால் தளவாயே காவல் இருக்கட்டும்," என்றார் புலவர். "மன்னரும் விழித்திருக்க வேண்டும்."

அவை திகைத்துப்போனது. போருக்கு அழைத்தபோதுகூட யாரும் மன்னரிடம் இவ்வளவு கடினமானதைக் கேட்டதில்லை.

உட்கார்ந்தார்கள். தளவாய் சரிகை அங்கியோடு வேர்த்து வழிந்தார். புலவர் இருமுறை குறட்டை விட்டார். வெயில் மதிலுக்கு அப்பால் இறங்கியது. முதலில் ஓர் இலையின் ஓரம் நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. விளக்கு வைக்கும் முன் கொடி முழுவதும் குடை விரித்து நின்றது.

மன்னர் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். மேலே புழுதி. அடியில் ஈரம்.

"இது எப்படி?"

"உச்சி வெயிலில் வேர் தருவதைவிட இலை இழப்பது அதிகம் மன்னா. அதனால் இலை துவண்டு வெயிலுக்கு ஒதுங்குகிறது. நீராவி போகும் கண்ணுக்குத் தெரியாத வாய்களையும் மூடிக்கொள்கிறது போலும். வெயில் தணிந்தால் வேர் ஈடுகட்டிவிடும். விடியலிலும் தொங்கினால்தான் அதற்குத் தாகம். அன்றைக்கு இரண்டு குடம் போதும்."

மன்னர் காவலனிடமிருந்து பூட்டை வாங்கித் தோட்டத்து மூலையில் எறிந்தார். "கிணறு ஊருக்கே. மாமனார் சாயங்காலமாக வரட்டும். அதுசரி, புலவரே, இதெல்லாம் உமக்கு எப்படித் தெரிந்தது?"

"தாங்கள் தூங்கும் வேளையில் தங்கள்மேல் காவியம் பாட இங்கேதான் வந்து உட்காருவேன். பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. எதிரே இலைதான் இருந்தது. தாங்கள் படுத்தபின் அது சாய்வதையும் மாலையில் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்."

மன்னர் புருவத்தை உயர்த்தினார். "ஒரு வரிகூட எழுதவில்லையா? அப்படியானால் இத்தனை நாள் அரண்மனைச் சோறு எதற்கு?"

கூத்தநம்பி கொடியை ஒரு முறை பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"பஞ்ச காலத்தில் எப்போது வாயை மூடவேண்டும் என்று பூசணிக்குத் தெரிந்திருக்கிறது மன்னா. புலவனுக்குத்தான் தெரியவில்லை."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிணற்றடிப் பெண்கள் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.