தாழம்புதருக்கு ஓடவைத்த மைனா

தாமரைக் குளத்தில் யாராலும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. ஒரு வாய் குடிப்பதும், திரும்பிப் பார்ப்பதும், மறுபடி ஒரு வாய் குடிப்பதுமாகத் தவித்தார்கள். மேலே பருந்து வட்டமடித்தது. போதாததற்குக் காட்டுப்பூனை ஒன்றும் கரைப்பக்கம் நடமாட ஆரம்பித்திருந்தது.

குளக்கரைப் பள்ளிக்கூடத்து நாரை டீச்சர் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"கௌதாரிகளே, நீங்கள் பருந்தைக் கவனியுங்கள். அணில் செவ்வந்தி, மைனா ராசப்பன், முயல் துரைக்கண்ணு, நீங்கள் மூவரும் பூனையைக் கவனியுங்கள். எங்கே பதுங்குகிறது, எப்போது வருகிறது, எல்லாம் தெரியவேண்டும். எங்கே ஓடித் தப்புவது என்று சொல்ல ஓர் எச்சரிக்கைக் குரலும் வேண்டும். பௌர்ணமியன்று செய்து காட்டுங்கள்!"

செவ்வந்தி அன்றைக்கே மருதமரக் கிளையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எனக்குச் சிறகு சுளுக்கு! நீங்க பாருங்க, நான் மேற்பார்வை பண்றேன்!" என்றான் ராசப்பன். வேலை ஆகவேண்டும் என்றால் மட்டும் அவள் அக்கா! பக்கத்து அத்திமரத்தில் பழம் தின்றதுதான் அவன் செய்த மேற்பார்வை.

"எனக்கு வெயில் ஒத்துக்காது செவ்வந்தி. முடிஞ்சதும் சொல்லு, வந்து நிக்கிறேன்" என்றான் துரைக்கண்ணு. பெரிய மனசுதான்!

செவ்வந்தி பசியும் பயமுமாக உட்கார்ந்து கண்டுபிடித்தாள். மருதமரத்தின் நிழல் தண்ணீரைத் தொடும் நேரத்தில் பூனை வரும். தாழம்புதருக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். பயந்தவர்கள் ஒளிய அங்கேதான் வருவார்கள் என்று அந்தக் கள்ளிக்குத் தெரியும்! ஆகவே புதர்ப் பக்கமே போகக்கூடாது. பாறை இடுக்குக்கு ஓடவேண்டும். அதற்குள் பூனையால் நுழைய முடியாது.

"குரல் மட்டும்தான் பாக்கி. எனக்குக் கீச்சுக் குரல். நீயாவது ஒண்ணு உண்டாக்கேன் ராசப்பா!" என்று கெஞ்சினாள்.

"அட, குரல்தானே! தூங்கிக்கிட்டே செய்வேன்!" என்றான் அவன். சொன்னபடி தூங்கத்தான் செய்தான்.

பௌர்ணமியும் வந்துவிட்டது. காலையில்தான் ராசப்பனுக்குக் குரல் ஞாபகமே வந்தது. எதிர்க்கரையில் கௌதாரிகள் குளத்துக் குட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "கிர்ர்-கீ! கிர்ர்-கீ!" என்ன அருமையான குரல்! ராசப்பன் அப்படியே பிடித்துக்கொண்டு வந்து துரைக்கண்ணுவிடம் பாடிக் காட்டினான்.

"டேய், இது கௌதாரிங்களோடது ஆச்சே?"

"கடைசியில ஒரு 'டொக்' சேர்த்திருக்கேன்ல? யாருக்குத் தெரியப்போகுது!"

"அதுவும் சரிதான்" என்றான் துரைக்கண்ணு.

அந்தக் குரலைக் கேட்டால் குட்டிகள் எங்கே ஓடப் பழகியிருக்கின்றன என்று இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் குளமே கூடியது. துரைக்கண்ணுவின் குட்டித் தங்கை வெள்ளச்சி, அண்ணனைப் பார்க்க முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். செவ்வந்தி கண்டுபிடித்ததை எல்லாம் ராசப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"நன்றாக இருக்கிறது! யார் யார் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார் டீச்சர்.

"மூணு பேரும் சமமா டீச்சர்!"

துரைக்கண்ணு தலையாட்டினான். செவ்வந்திக்கு மனசு கொதித்தது. வால் துடித்தது. ஆனாலும் எல்லார் முன்னாலும் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வருவது இங்கேதான்!

"சரி, குரலைக் கேட்போம்" என்றார் டீச்சர்.

மருதமரத்து நிழல் அப்போதுதான் தண்ணீரைத் தொட்டது.

"கிர்ர்-கீ! கிர்ர்-கீ! டொக்!"

அவ்வளவுதான்! குட்டிகள் எல்லாம் எழுந்து ஓடின. பருந்து வருகிறது, புதருக்குள் ஒளி என்றுதானே கௌதாரிகள் அந்தக் குரலுக்குப் பழக்கியிருந்தார்கள்! எல்லாருக்கும் முன்னால் தாழம்புதரைப் பார்த்து ஓடினாள் வெள்ளச்சி. தனக்குத்தான் இத்தனை ஆரவாரம் என்று ராசப்பன் இன்னொரு தடவை பாடினான், பாவி!

புதருக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் அசைந்தன.

"ஐயோ, அங்க போகாதீங்க! பாறைக்கு! பாறைக்கு ஓடுங்க!"

செவ்வந்தி தொண்டை கிழியக் கத்தினாள். கீச்கீச்சென்று காது கூசும் சத்தம். ஓடிய குட்டிகள் திகைத்துத் திரும்பின. வெள்ளச்சியும் திரும்பினாள். பூனை பாய்ந்தது. நகம் அவள் காதைக் கிழித்தது. உருண்டு புரண்டு எழுந்தவள் பாறை இடுக்குக்குள் விழுந்தடித்துப் போய்ச் சேர்ந்தாள். பூனை சுற்றிச்சுற்றி வந்து, உறுமி, ஏமாந்து போய்விட்டது.

"அது எங்க குரல்!" என்று அழுதார்கள் கௌதாரிகள்.

ராசப்பன் இலைகளுக்குள் பதுங்கினான். டீச்சர் யாரையும் திட்டவில்லை. முன்பு கேட்டதையே மறுபடி கேட்டார்.

"யார் யார் என்ன வேலை செய்தீர்கள்?"

துரைக்கண்ணு தங்கையின் காதில் வழிந்த ரத்தத்தை நக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

"நான் தலையாட்டினேன் டீச்சர். அது ஒண்ணுதான் செஞ்சேன்."

அன்றிலிருந்து அந்தக் குளத்தில் பூனை வந்தால் அணிலின் கீச்சுக் குரல்தான் எச்சரிக்கை.

பிறர் உழைப்பில் தன் பெயரை ஒட்டிக்கொள்பவன், கடைசியில் தன்னை நம்பியவர்களைத்தான் ஆபத்தில் தள்ளுகிறான்.