இப்போதுதான் வந்தவள்

"டி.சி. வாங்கிட்டுப் போயிடறேன், மேடம். இந்தக் காலேஜ் எனக்குச் சரிப்படாது."

மணிமொழி டிப்ளமா முடித்து, நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள். விண்ணப்பத்தை நீட்டினாள்.

வகுப்பு ஆலோசகர் யாஸ்மின் அதை வாங்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன சரிப்படலை?"

"கணக்கு. ஞானசேகர் சார் பாதி போர்டு எழுதுவார். 'இதெல்லாம் ஃபர்ஸ்ட் இயர்ல பார்த்ததுதான்'னு மீதியைத் தாண்டிடுவார். ஃபர்ஸ்ட் இயர்ல நான் இங்க இல்லையே."

"அவர்கிட்ட கேட்டியா?"

"எப்படி மேடம்? வாயைத் திறந்தாலே அந்த நிவேதன், 'டிப்ளமாவுக்கு டவுட்டாம்'பான். கிளாஸே சிரிக்கும்."

யாஸ்மின் ஓர் இட்லியைப் பிட்டார்.

"சரி, போ. கையெழுத்து போடறேன். கூட வைக்கவேண்டியதெல்லாம் வச்சிருக்கியா?"

"என்ன வைக்கணும்?"

"காலையில டி.சி. கேட்டு வந்தவங்ககிட்ட சொல்லிட்டேனே."

"எனக்குத் தெரியாது, மேடம்."

"அவங்களுக்குத் தெரியும்."



"எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க, மேடம்."

"சொன்னதையே எத்தனை தடவை சொல்றது?"

"எனக்கு எங்க சொன்னீங்க? நான் இப்பதானே வந்தேன்! வந்தவளுக்குச் சொல்ல மாட்டீங்களா?"

பக்கத்து மேசை ஆசிரியர் திரும்பிப் பார்த்தார்.

மணிமொழிக்குக் காது சுட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

யாஸ்மின் இட்லியை மென்று விழுங்கினார்.

"குரல் நல்லாத்தானே இருக்கு."

விண்ணப்பத்தை வாங்கி, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த பீரியட் யாரு?"

"ஞானசேகர் சார்."

"பெல் அடிச்சாச்சு. போ."

*

ஞானசேகர் பாதி போர்டு எழுதினார். சாக்பீஸ் நின்றது.

"மீதியெல்லாம் ஃபர்ஸ்ட் இயர்லயே..."

மணிமொழி எழுந்தாள்.

"எனக்கு யாரும் சொல்லலை, சார். சொல்லிட்டு மேல போங்க."

முன் பெஞ்சிலிருந்து நிவேதன் குரல் வந்தது. "டிப்ளமாவுக்கு டவுட்டாம்டா!"

வகுப்பு சிரித்தது.

"ஆமா, டிப்ளமாதான்," என்றாள் மணிமொழி. "தெரியாததைத்தான் கேட்கறேன். உனக்குத் தெரியும்ல? நீ வந்து போடு."

சிரிப்பு நின்றது.

அவள் உட்காரவில்லை.

ஞானசேகர் இருவரையும் பார்த்தார். பிறகு சாக்பீஸை நிவேதனிடம் நீட்டினார்.

நிவேதன் சாக்பீஸைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். பின்னால் திரும்பி நண்பர்களைப் பார்த்தான். அவர்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல்லேர்ந்தே ஒரு தடவை சொல்லிடுங்களேன், சார்," என்றான் நிவேதன்.