கஸ்பார் போட்ட மூணு இரை

முதல்ல ஒரு விடுகதை ஜெர்ஷா. விடை சொன்னா கதை உண்டு. சொல்லலைன்னாலும் கதை உண்டு, நீ தூங்கணுமே, வேற வழி?

ஒரு வீட்டுக்குக் கதவு கூரையில இருக்கு. விருந்தாளி கூரை மேல உக்காந்திருக்கான், வீட்டுக்காரன் உள்ள இருக்கான். சாப்பாடு கொண்டுவர்றது விருந்தாளி, சாப்பிடுறது வீட்டுக்காரன். ஆனா கடைசியில வீட்டுக்காரனே குழம்பாயிடுறான். அது என்ன?

"பேய்."

பேயைக் குழம்பு வைப்பாங்களா? யோசி. நடுவுல விடை தன்னால வரும்.

"பால் வேண்டாம் அத்தை."

வேண்டாம்னா விடு. அது பாட்டுக்கு மேசையில இருக்கட்டும். வெளிய வெயில் அடிக்குதேன்னு பாக்காத, மத்தியானத் தூக்கத்துக்கும் கதை உண்டு. கண்ணை மூடிக்கோ. "ம்" மட்டும் கொட்டு.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாமனார் இருந்தாரு. பேரு கஸ்பார். மணப்பாட்டுக் கடல்ல நாப்பது வருஷம் தூண்டில் போட்டவரு. தண்ணி நிறத்தைப் பாத்தே கீழ என்ன மீன் நிக்குதுன்னு சொல்லிடுவாராம். அப்படின்னு அவரே சொல்லுவாரு.

"எங்க தாத்தா பேரும் கஸ்பார்தான்."

உலகத்துல ஒரே ஒரு கஸ்பாரா இருப்பாரு? குறுக்க பேசினா கதை கோவிச்சுக்கிட்டுப் போயிடும். அவருக்கு ஒரே மக, வினோலியா. அவளைக் கட்டினவன் கிளாட்வின். ரொம்ப நல்ல பையன். அவனுக்கு ஒரு அக்கா, அவ அதைவிட நல்லவ. சரி, அவ இந்தக் கதையில வரமாட்டா.

வினோவும் கிளாட்வினும் ரொம்பத் தூரத்துல ஒரு பனி ஊர்ல இருந்தாங்க. அந்த ஊர்ல ஒரு பெரிய ஏரி. குளிர்காலம் வந்தா ஏரி மேல ஐஸ் கட்டி அப்படியே கல்லு மாதிரி ஆயிடும். மேல லாரியே ஓட்டலாம்.

"ம்."

அப்போ வினோ வயித்துல ஒரு பாப்பா. நாலு மாசம். மசக்கை. சோறு போட்டா உவ்வே. ரொட்டி போட்டா உவ்வே. தண்ணி குடிச்சாக்கூட உவ்வே. ஆளு ஈர்க்குச்சி மாதிரி ஆயிட்டா. டாக்டரம்மா பாத்துட்டு, "திங்கக்கிழமைக்குள்ள ஏதாவது வயித்துல தங்கணும். இல்லேன்னா ஆஸ்பத்திரியில படுக்கவச்சு ஊசி வழியாத்தான் சாப்பாடு"ன்னுட்டாங்க.

"உனக்கு என்னதான் வேணும் வினோ?"ன்னு கிளாட்வின் கேட்டான்.

"எங்கப்பா வைக்கிற மீன்குழம்பு. பிடிச்ச அன்னிக்கே வச்ச குழம்பு. பெட்டி மீன் வேண்டாம்."

பெட்டி மீன்னா ஐஸ் பெட்டியில கிடந்த மீன். கடையில அதுதான் கிடைக்கும். அந்த வாசம் தெருமுனையில வரும்போதே அவளுக்கு உவ்வே.

அப்புறம் என்ன, கஸ்பார் விமானம் ஏறி வந்துட்டாரு. வந்தது வெள்ளிக்கிழமை காலையில. கம்பளிக் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு ஏரியை ஒரு பார்வை பாத்தாரு.

"இதுல என்ன மீன் மாப்ள?"

"டிரவுட் மாமா. ஏரி டிரவுட். பெரிய மீன். ஆழத்துல திரியும். லேசுல கடிக்காதுங்கிறாங்க."

"கடிக்காத மீன் இனிமேதான் பொறக்கணும்"னாரு கஸ்பார்.

ஏரிக்கரையில தூண்டில் கடை வச்சிருந்தா ஹெல்கான்னு ஒரு பொம்பள. அறுபது வயசு, சிக்கனமான பேச்சு. அவ ஒரு தட்டை எடுத்து முன்னால வச்சா. தட்டு நிறைய பொம்மை மீனு. சிவப்பு, பச்சை, தங்க நிறம், எல்லாத்துலயும் கொக்கி. அதுல ஓரமா விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை ரப்பர் துண்டு கிடந்துச்சு. ஹெல்கா அதை எடுத்தா.

"இதுதான். நுனியில ஒரு துண்டு மீன்சதை குத்தணும். தரை வரைக்கும் விடணும். அப்புறம்..."

"அப்புறம் எனக்குத் தெரியும்மா"ன்னாரு கஸ்பார். "நான் ரப்பரைப் போட்டு மீனை ஏமாத்துற ஆளு இல்ல. மாப்ள, நல்ல இறாலா ஒரு கிலோ வாங்குங்க. இறாலுக்கு மயங்காத மீன் எந்தத் தண்ணியிலயும் கிடையாது."

"ம்."

அப்புறம் ஏரி நடுவுக்குப் போய், கைமிஷினை வச்சு ஐஸைத் துளைச்சாங்க. கர்ர்ர்ர்... கர்ர்ர்ர்... களுக்! வட்டமா ஒரு ஓட்டை. கீழ கறுப்புத் தண்ணி. மேல ஒரு முக்காலியைப் போட்டு கஸ்பார் உக்காந்தாரு. இப்பச் சொல்லு, விடுகதைக்கு விடை என்ன?

"மீன் வீடு!"

அதேதான். கூரையில கதவு. நீ கெட்டிக்காரி, ஆனா தூங்க மாட்டேங்கிற.

கிளாட்வின் ஒரு சின்ன டிவிப் பெட்டி கொண்டுவந்திருந்தான். அது தண்ணிக்குள்ள நடக்கிறதைக் கோடு கோடா காட்டும். நம்ம இரை பச்சைக் கோடு. மீன் வந்தா சிவப்புக் கோடு.

"டிவி பாத்து மீன் பிடிக்கிறவன்லாம் ஒரு மீன்காரனா மாப்ள?"ன்னு சொல்லிட்டு, கஸ்பார் அந்த டிவி நல்லாத் தெரியுற மாதிரி முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு. சக்கரத்துல நரம்பு சுருட்டுற தூண்டில் கம்பு வேண்டாம்னுட்டாரு, கைத்தூண்டில்தான். நைலான் நரம்புல மாப்பிள்ளை கோத்துக் குடுத்த இறாலைச் சரியாப் பாக்காமலே, ஈயக்குண்டு கட்டி, பதினஞ்சு ஆள் ஆழத்துக்கு விட்டாரு. விர்ர்ர்ர்... தொப். தரை தட்டுச்சு. அப்புறம் விரல்ல நரம்பைச் சுத்திக்கிட்டு அசையாம உக்காந்தாரு.

அவங்க ஊர்ல அப்படித்தான். இரையைத் தரையில போட்டா ஆடக்கூடாது, அசையக்கூடாது, தும்மினாக்கூட திட்டு விழும். மீன் வந்து, பாத்து, நம்பிக்கை வச்சு எடுக்கணும்.

ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம். டிவியில பச்சைக் கோடு மட்டும் கிடக்கு. கஸ்பார் மேல இழுத்து இறாலைப் பாத்தாரு. மோந்தும் பாத்தாரு.

"மாப்ள, இது ஏன் மஞ்சளா இருக்கு?"

"தோல் உரிச்சு, உப்பும் மஞ்சளும் தடவித்தான் கொண்டுவந்தேன் மாமா. நீங்க இறால் வாங்கச் சொன்னீங்கள்ல, சுத்தம் பண்ணி வச்சேன்."

மாப்பிள்ளையை என்ன பேச முடியும்? அந்த இறாலை அங்கேயே அடுப்பு பத்தவச்சு வறுத்து ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க. நல்லா இருந்துச்சாம். வெள்ளிக்கிழமை போச்சு.

"அப்புறம்?"

சனிக்கிழமை மறுபடியும் ஹெல்கா கடை. அவ பேசாம அந்த வெள்ளை ரப்பரை எடுத்தா. கஸ்பார் அதைக் கண்டுக்கல. தட்டுல இருந்த பொம்மை மீன் ஒவ்வொண்ணையும் எடுத்து, கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கிற மாதிரி வாசல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கடைசியில ஒண்ணை எடுத்தாரு. ஒரு சாண் நீளம். ரத்தச் சிவப்பு, கிளிப்பச்சை, கழுத்துல மணி வேற. கிலுங் கிலுங்.

ஹெல்கா சொன்னா, "கீழ தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவு. வெளிச்சம் கம்மி. டிரவுட்டு திங்கிறது வெள்ளிநிறச் சின்ன மீனு. அதே மாதிரி இருக்கிறதைப் போடு."

"தினம் அதையே தின்னா அதுக்குச் சலிக்காதா? விருந்துன்னு வச்சா வேற மாதிரி இருக்கணும்மா."

"சரி. எதைப் போட்டாலும், தரை வரைக்கும் விட்டுட்டு அப்புறம்..."

"அப்புறம் எனக்குத் தெரியும்."

அப்புறம் ஏரி. கர்ர்ர்ர். களுக். கிலுங் கிலுங்னு விருந்து கீழ இறங்கிச்சு. அன்னிக்கு டிவியில ஒரு சிவப்புக் கோடு வந்துச்சு பாரு! கிளாட்வின் கத்தினான், "மாமா, வருது, வருது!" சிவப்புக் கோடு பச்சைக் கோட்டுப் பக்கத்துல வந்துச்சு. நின்னுச்சு. ஒரு சுத்து சுத்திச்சு. அப்புறம் சொய்ங்னு ஓடிருச்சு. அதோட கூட்டத்துக்கும் போய்ச் சொல்லிடுச்சு போல, சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே வரல.

வீட்டுக்கு வந்தா, வினோ சோபாவுல சுருண்டு கிடந்தா. "கிடைச்சுதாப்பா?"ன்னு கேட்டா. குரலே எழும்பல. கஸ்பார் குல்லாவைக் கழட்டிட்டு, "நாளைக்குக் கிடைக்கும்ட்டி"ன்னாரு. நாப்பது வருஷத்துல ஊருக்கெல்லாம் மீன் குடுத்தவரு, பெத்த மகளுக்கு ஒரு மீன் குடுக்க முடியல.

"ம்..."

ஞாயித்துக்கிழமை. அதுதான் கடைசி நாள். கடைக்குப் போனதும் கஸ்பார் தட்டைப் பாக்கல, தரையைப் பாத்தாரு. "அந்த ரப்பரைக் குடும்மா."

ஹெல்கா சிரிக்கல. நல்லவ. ரப்பரைக் கொக்கியில மாட்டி, அந்த ஏரியிலயே பிடிச்ச சின்ன மீனோட வயித்துச்சதையில ஒரு கீத்து வெட்டி, நுனியில குத்திக் குடுத்தா. "அப்புறம்..."ன்னு ஆரம்பிச்சா. கஸ்பார் அதுக்குள்ள வாசலைத் தாண்டிட்டாரு.

விர்ர்ர்ர்... தொப். அரை மணி நேரத்துல சிவப்புக் கோடு வந்துச்சு. தடியா, மொத்தமா. இரைக்கு ஒரு கை தூரத்துல வந்து நின்னுச்சு. கஸ்பார் மூச்சை அடக்கிக்கிட்டு மரம் மாதிரி உக்காந்தாரு. வா ராசா, வா. எடுத்துக்கோ. வினோவுக்காக எடுத்துக்கோ. சிவப்புக் கோடு பாத்துச்சு, பாத்துச்சு, போயிடுச்சு. மறுபடி வந்துச்சு. மறுபடி மரம். மறுபடி போயிடுச்சு.

பொழுது சாயப் போகுது. அப்போ போன் அடிச்சுது. ட்ரிங் ட்ரிங். வினோ.

"அப்பா, போதும்ப்பா. குளிர்ல கிடக்காதீங்க. மீன் கிடைக்கலேன்னா கிடக்கு. வந்துடுங்க."

கஸ்பாருக்குக் கண்ணுல தண்ணி. கண்ணீர்னு சொன்னா ஒத்துக்கமாட்டாரு, குளிர்ல வழிஞ்சுதுன்னுவாரு. "போங்கலே, நீங்களும் உங்க ஏரியும்"னு மீனைத் திட்டிக்கிட்டே நரம்பை விறுவிறுன்னு மேல சுருட்ட ஆரம்பிச்சாரு. ஒரு கை, ரெண்டு கை, மூணு கை...

"மாமா!"ன்னு அலறினான் கிளாட்வின். "சிவப்பு!"

சிவப்புக் கோடு தரையில இருந்து கிளம்பி ராக்கெட் மாதிரி பின்னாலயே வருது! ஓடுதே, ஓடுதே, என் சாப்பாடு ஓடுதேன்னு வருது! படக்! நரம்பு விரலை வெட்டுச்சு. விர்ர்ர்ர்னு கீழ போகுது, கஸ்பார் விடுறாரு, இழுக்குறாரு, விடுறாரு, இழுக்குறாரு. ஓட்டைக்குள்ள மீன் தலை வந்துச்சு. வந்து ஐஸ் விளிம்புல மாட்டிக்கிச்சு. கொக்கி வேற நழுவுது. அப்போ நம்ம கிளாட்வின், அந்த நல்ல பையன், கையுறையோட தோள் வரைக்கும் கையைத் தண்ணிக்குள்ள விட்டான். களக், புளக்! மேல தூக்கிப் போட்டான். சளப், சளப், சளப்! மூணு கிலோ டிரவுட்டு! அவன் கையுறை மட்டும் ஏரிக்கே போச்சு.

கடை வழியா வரும்போது ஹெல்கா மீனைப் பாத்தா, கஸ்பாரைப் பாத்தா.

"மேல இழுத்தியா?"

"ஆமா."

"மூணு நாளா அதைத்தான் சொல்ல வந்தேன். விட்டுட்டு, அப்புறம் மேல இழுக்கணும். சும்மா கிடக்கிறதை அது தொடாது. தப்பிச்சுப் போறதைத்தான் துரத்தும்."

"எனக்கு அப்பவே தெரியும்"னாரு கஸ்பார்.

அப்புறம் வீட்டுல குழம்பு. புளி கரைச்சு, தேங்காய் அரைச்சு, வெந்தயம் தாளிச்சு, சொய்ங்! கொத, கொத, கொத. ஒரு தட்டுல சோறு போட்டு, நடுத்துண்டா ஒண்ணு வச்சு, வினோ முன்னால கொண்டுபோய் நீட்டினாரு.

வினோ பாத்தா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. "வேண்டாம்ப்பா. பிடிக்கல."

கிளாட்வின், "ஒரு வாய் வினோ"ன்னான். வேண்டாம். "பாப்பாவுக்காக." வேண்டாம். கஸ்பார் தட்டை நீட்டின கையோட அப்படியே நின்னாரு, மரம் மாதிரி. மூணு நாள் குளிரு, கிழிஞ்ச விரலு, எல்லாம் இதுக்கா? விடிஞ்சா திங்கக்கிழமை.

அப்புறம் அவரு தட்டை இழுத்துக்கிட்டாரு. "சரிட்டி. எனக்கும் பசிக்கத்தான் செய்யுது"ன்னு சொல்லிட்டு, ஜன்னல் பக்கமா திரும்பி உக்காந்து, ஒரு வாய் பிசைஞ்சு போட்டாரு. ரெண்டாவது வாய் போட்டாரு. ம்ம்ம்னாரு. பின்னால சோபா கிறீச்சுன்னுச்சு. ஒரு கை தூரத்துல மூச்சுச் சத்தம். அவரு திரும்பிப் பாக்கல. தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சாரு.

"அப்பா, எனக்கு வயித்துப் பக்கத் துண்டு... முழுக்கத் தின்னுறாதீங்க!"

படக்!

தட்டு காலி. இன்னொரு தட்டு. அதுவும் காலி. உவ்வே வரவே இல்ல. திங்கக்கிழமை ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. யோசிச்சுத்தான் தட்டை இழுத்தாரா, நிஜமாவே பசியான்னு கிளாட்வின் இன்னிக்கு வரைக்கும் கேட்டுப் பாக்குறான். "அப்பவே தெரியும்"னுதான் பதில் வருது.

"அந்தப் பாப்பா நான்தானே?"

கதையில வந்த பாப்பா. கதை கரை ஏறிடுச்சு, ஓட்டையில ஐஸ் மூடிடுச்சு, நீயும் கண்ணை மூடு. அய்யோ, இந்தப் பால் அப்படியே கிடக்கே. உனக்குத்தான் வேண்டாமே. வீணாப் போகுது பாரு, எவ்வளவு ஏலக்காய் போட்டது. சரி, நானே எடுத்துக் குடிச்சிடறேன். குடிக்கப் போறேன் ஜெர்ஷா. இதோ, எடுத்துட்டேன்...

ஜெர்ஷா, "குடிங்க அத்தை" என்றாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.